நான் இறங்காத கரைகள்

கரீபியன் தீவுகளில் பதினோரு ஊர் பார்த்தவன் என்று நம் தெருவில் எனக்கு ஒரு பெயர் இருக்கிறது. சின்னவர்களே, நீங்கள் இரண்டு பேரும் அதை நம்பித்தான் வளர்ந்திருக்கிறீர்கள். போன வாரம் உங்களில் ஒருவர் பக்கத்து வீட்டு வாசலில் நின்று, "எங்க நைனா அருவிக்குப் பின்னாடியே நடந்து போய்கீறாரு தெரியுமா" என்று சொல்லிக்கொண்டிருந்தது என் காதில் விழுந்தது. வெளியே வந்து இல்லை என்று சொல்லியிருக்கலாம். சொல்லாமல் வலையை மடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அதனால்தான் இப்போது எழுதுகிறேன்.

அது உண்மை இல்லை. உங்கள் அக்காவுக்கு அது எப்போதோ தெரியும். அவளுக்கு எப்படித் தெரிந்தது, அதனால் என்ன ஆனது என்பதைத்தான் எழுதப் போகிறேன். நான் பத்தாவது வரை படித்தவன். எழுத்துப்பிழை இருந்தால் அக்கா திருத்தட்டும். நடந்ததை மட்டும் திருத்த வேண்டாம் என்று அவளிடம் சொல்லியிருக்கிறேன்.

அப்போது அக்காவுக்கு எட்டு வயது. நீங்கள் பிறக்கவில்லை. நம் பழவேற்காட்டு ஏரியில் இரண்டு வருஷமாக இறால் சரியாகப் படவில்லை. ஒரு ஏஜென்ட் மூலம் கப்பலில் வேலை கிடைத்தது. ஆரம்பாக்கத்தில் ரயில் ஏறும்போது, மீன்காரனுக்குக் கடலில் வேலை, மாப்பிள்ளை மாதிரி இருப்பான் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். அது மீன்பிடிக் கப்பலும் இல்லை, சரக்குக் கப்பலும் இல்லை. ஊர் சுற்ற வருகிறவர்களை ஏற்றிக்கொண்டு தீவு தீவாகப் போகும் சொகுசுக் கப்பல். எனக்குக் கொடுத்தது சலவைக்கூடத்தில் வேலை. அது தண்ணீர் மட்டத்துக்கும் கீழே இருந்தது. ஜன்னல் கிடையாது. கப்பல் ஆடினால்தான் கடலில் இருக்கிறோம் என்று தெரியும்.

கப்பல் காலையில் ஒரு தீவில் கட்டும், சாயங்காலம் அவிழ்த்துக்கொண்டு கிளம்பும். நடுவில் இருக்கும் நேரத்தில் பயணிகள் கரையில் இறங்கி ஊர் பார்ப்பார்கள். எதைப் பார்ப்பது என்று முன்னாலேயே தேர்ந்தெடுத்துப் பெயர் கொடுக்க வேண்டும். அதற்குப் படம் போட்ட ஒரு புத்தகம் உண்டு. இந்தத் தீவில் அருவி, இந்தத் தீவில் பீரங்கி வைத்த பழைய கோட்டை, இந்தத் தீவில் கயிற்றில் தொங்கிக்கொண்டு காட்டின் மேலே போவது என்று பக்கம் பக்கமாக இருக்கும். கப்பலில் அதைச் சுருக்கமாக 'டூர்' என்போம்.

பயணிகள் டூர் போகும் நேரம்தான் எங்களுக்கு வேலை நேரம். அவர்கள் கரையில் குளித்துத் துவட்டிய துண்டுகள் மூட்டை மூட்டையாகக் கீழே வரும். உதறினால் மணல் கொட்டும். ஒரு தீவு மணல் அரிசி மாவு போல இருக்கும். எரிமலை இருக்கிற தீவின் மணல் கறுப்பாக, அடுப்புக்கரியைத் தூளாக்கினது போல இருக்கும். நான் பார்த்த தீவுகள் அவ்வளவுதான்.

துவைக்க வரும் கால்சட்டைப் பைகளில் அந்தப் புத்தகமும் வரும். எடுத்து வைத்துக்கொள்வேன். சாப்பாட்டு நேரத்தில் எழுத்துக் கூட்டிப் படிப்பேன். புரியாததை என் அறையில் இருந்த தூத்துக்குடிக்காரரிடம் கேட்பேன். அவர் சமையல்கூடத்தில் வேலை செய்தார், என்னை விடப் பத்து வயது மூத்தவர். சில புத்தகங்களில் பேனாவால் வட்டம் போட்டிருக்கும். ஒன்றில் அருவிக்கு நீல மையில் வட்டம், அதன் மேலேயே கறுப்பு மையில் பெருக்கல் குறி, பக்கத்தில் கோட்டைக்குக் கறுப்பு வட்டம், அதற்கு நீலத்தில் பெருக்கல். புருஷன் பெண்டாட்டி என்று நினைக்கிறேன். கடைசியில் இருவரும் எங்கே போனார்களோ. அந்தக் கால்சட்டைப் பையில் மணல் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குப் போன் பேசுவேன். முதல் வாரம் அக்கா கேட்டாள்.

"நைனா, இன்னா ஊரு பாத்த?"

என்ன சொல்வது? படுக்கை விரிப்பு பார்த்தேன், தலையணை உறை பார்த்தேன் என்றா? குழந்தை அவ்வளவு ஆசையாகக் கேட்கிறது. கையில் அந்தப் புத்தகம் இருந்தது. அருவி பார்த்தேன் என்று சொன்னேன். தண்ணீருக்குப் பின்னால் ஒரு பாதை இருக்கிறது, அதில் நடந்து போனேன், சட்டையெல்லாம் நனைந்துவிட்டது என்றேன். அவள் சிரித்த சிரிப்பு இன்னும் எனக்கு ஞாபகம் இருக்கிறது.

அடுத்த வாரம் கோட்டை. பீரங்கி மேல் ஏறி உட்கார்ந்தேன் என்றேன். அதற்கு அடுத்த வாரம் குரங்கு ஒன்று என் தொப்பியைப் பிடுங்கிக்கொண்டு ஓடியது. இப்படியே வாரம் ஒரு கதையாக ஏழு மாதம் ஓடிவிட்டது. பள்ளிக்கூடத்தில் டீச்சர் அவளை எழுந்து நின்று சொல்லச் சொன்னார்களாம். சுவரில் இருக்கும் உலகப் படத்தில் நைனா போன ஊருக்கெல்லாம் ஸ்டிக்கர் பொட்டு ஒட்டச் சொன்னார்களாம். பதினோரு பொட்டு. அதை உங்கள் அம்மா சொன்னபோது எனக்குப் பெருமையாகவும் இருந்தது, எங்கே மாட்டிக்கொள்வேனோ என்றும் இருந்தது. பெருமையைத்தான் வெளியே காட்டினேன்.

மாட்டிக்கொண்டது திருக்கை மீனில்தான்.

ஒரு தீவில் கரையிலிருந்து படகில் கொஞ்ச தூரம் போனால் கடலுக்கு நடுவில் மணல் திட்டு இருக்கிறது. இடுப்பளவு தண்ணீர். அங்கே நூற்றுக்கணக்கில் திருக்கை வரும், அதன் நடுவில் இறங்கி நிற்கலாம், தொட்டுப் பார்க்கலாம் என்று புத்தகத்தில் போட்டிருந்தது. தூத்துக்குடிக்காரர் அதைப் படித்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். "ஏ தம்பி, திருக்கையத் தொடுறதுக்கு இவ்வளவு தூரம் வாராங்களா? எங்க ஊருல திருக்கைன்னா ஒண்ணு குழம்பு, இல்லன்னா ஆஸ்பத்திரி. மூணாவதா ஒண்ணு கேள்விப்பட்டதே இல்ல பாத்துக்கோ."

எனக்கு அது அக்காவுக்குச் சொல்ல நல்ல விஷயமாகப் பட்டது. தெரியாத அருவியை விட, தெரிந்த திருக்கையைப் பற்றிச் சொல்வது சுலபம்தானே. புத்தகத்தில் இருந்த படத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

"தண்ணி எம்மாம் ஆழம் நைனா?"

"இடுப்பளவு. நம்ம ஏரி மாதிரிதான் கண்ணு."

"திருக்கை எத்தினி?"

"கணக்கே இல்ல. சுத்திச் சுத்தி வருது. வந்தவங்க எல்லாம் குதிக்கிறாங்க, ஓடறாங்க, ஒருத்தர் மேல ஒருத்தர் தண்ணி வாரி அடிக்கிறாங்க."

"நீ?"

"நானுந்தான். குதிச்சேன் பாரு ஒரு குதி..."

அவள் என்னை முடிக்க விடவில்லை. 

"நைனா," என்றாள். "திருக்கை இருக்கிற தண்ணில யாராவது கால தூக்கி வெப்பாங்களா?"

உங்களுக்கும் இது தெரியும். நம் ஏரியில் இறங்கும் குழந்தைக்கு நீச்சலுக்கு முன்னால் சொல்லிக்கொடுப்பது இதைத்தான். காலைத் தூக்கி வைக்காதே, மண்ணோடு தேய்த்துக்கொண்டே நட. திருக்கை மண்ணுக்குள் புதைந்து படுத்திருக்கும். கால் தேய்த்து வந்தால் விலகிப் போகும். மேலிருந்து மிதித்தால் வாலைச் சுழற்றி முள்ளை ஏற்றிவிடும். கையால் தடவி இறால் பிடிக்கிறவர்கள் வருஷக்கணக்காக அப்படித்தான் நடக்கிறார்கள். சிலர் தெருவில் போகும்போதும் அந்த நடைதான். நானும் அப்படி வளர்ந்தவன். ஜன்னல் இல்லாத அறையில் ஏழு மாதம் இருந்து, படத்தில் சிரிக்கிறவர்களைப் பார்த்துக்கொண்டு சொன்னதில் அது எனக்கு மறந்துபோனது.

"நீ எறங்கவே இல்ல, இல்ல?" என்றாள்.

"இன்னா கண்ணு இப்டி கேக்கற? எறங்குனேன்."

"அப்ப போட்டோ அனுப்பு. நீ தண்ணில நிக்கிற போட்டோ."

பின்னாலிருந்து அம்மாவின் குரல் வந்தது. "பெரிய போலீசு. நைனாவ விசாரிக்குது பாரு." பிறகு போனை வாங்கிக்கொண்டு சற்றுத் தள்ளி வந்து பேசினாள். "இன்னா சொன்ன அதுகிட்ட? மூஞ்சி சுண்டிப்போயி உக்காந்துனு இருக்குது. ஏற்கெனவே கூடப் படிக்கிற பொண்ணு ஒன்னு சொல்லிச்சாம். அதோட மாமாவும் கப்பல்ல கீறாராம். வேல செய்றவங்கள கரைக்கே வுட மாட்டாங்க, உங்க நைனா டூப் வுடறாருன்னு. இது அதோட சண்ட போட்டுட்டு வந்துகீது. எங்க நைனா பொய் சொல்ல மாட்டாருன்னு சட்டைய புடிச்சி இழுத்துகீது. டீச்சர் என்ன கூப்ட்டு வுட்டாங்க."

அன்றைக்கு எனக்குத் தூக்கம் வரவில்லை. அந்தப் பெண்ணின் மாமா சொன்னதும் முழுசாக உண்மை இல்லை. எங்களைக் கரைக்கு விடுவார்கள், ஆனால் ஷிஃப்ட் ஒத்துவர வேண்டும். என் ஷிஃப்ட் பெரும்பாலும் ஒத்துவரவில்லை, ஒன்றிரண்டு தடவை வந்தபோதும் படுத்துத் தூங்கிவிட்டேன். ஆனால் அது இப்போது விஷயம் இல்லை. நான் சொன்ன வார்த்தைக்காக என் மகள் ஒருத்தியின் சட்டையைப் பிடித்திருக்கிறாள். அந்த வார்த்தை பொய்.

கப்பல் இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை அதே தீவுகளுக்குத் திரும்பத் திரும்ப வரும். திருக்கைத் தீவு மறுபடியும் வரப் பதினான்கு நாள் இருந்தது. நான் சொன்னதைக் கேட்டுத் தூத்துக்குடிக்காரர் தலையில் அடித்துக்கொண்டார்.

"இதுக்குப் போயி எதுக்குக் கெடந்து முழிக்கே? போட்டோதான வேணும்? மேல ஹால்ல சுவர் பூராவும் அருவிப் படம் ஒட்டியிருக்குல்லா. அதுக்கு முன்னால நின்னு எடுத்துருவோம். பிள்ளைக்கு என்ன தெரியப் போவுது?"

நான் மாட்டேன் என்று சொல்லவில்லை என்பதையும் எழுதிவிடுகிறேன். பயணிகள் சாப்பிடப் போயிருந்த நேரம் பார்த்து மேலே போனோம். எங்களுக்கு அங்கே நிற்க அனுமதி கிடையாது. அவர் அவசரமாக எடுத்தார். படத்தில் அருவி நன்றாகத்தான் விழுந்தது. அருவிக்குக் கீழே ஒரு சிவப்பு சோபாவும் விழுந்திருந்தது.

"சோபாவ வெட்டிருவோம்," என்றார்.

வெட்டினோம். வெட்டியதும் என் கால் போய்விட்டது. கால் இல்லாமல் அருவியில் நிற்கும் என்னை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு அழித்துவிட்டேன். மனசாட்சி என்று பெரிய வார்த்தை சொல்ல மாட்டேன். அவள் காலைத்தான் கேட்டிருந்தாள்.

எங்கள் சூப்பர்வைசர் பிலிப்பைன்ஸ்காரர், நல்ல மனிதர். திருக்கைத் தீவில் இறங்க வேண்டும் என்று கேட்டதும், ஏழு மாதத்தில் ஒருநாள் கூட நீ கேட்டதில்லையே என்று சொல்லி ஷிஃப்டை மாற்றிக் கொடுத்தார். சும்மா இறங்குவதை விட டூருக்குத் துணையாளாகப் போ என்றார். அப்படி ஒரு வழி இருக்கிறது. எண் எழுதிய அட்டையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பயணிகளோடு போக வேண்டும், போனவர்கள் எல்லோரும் திரும்பினார்களா என்று தலை எண்ண வேண்டும். அதற்குப் பதிலாக நமக்கும் ஊர் பார்க்கக் கிடைக்கும்.

டூர் கவுண்டரில் இருந்த பெண் ஒரு தாளை என் பக்கம் திருப்பி வைத்தாள். அந்தத் தீவில் மூன்று டூருக்கு ஆள் தேவைப்பட்டது. திருக்கைத் திட்டு. மலைக்குள் ஒரு அருவி. சதுப்புக் காட்டுக்குள் படகில் போய்ப் பறவை பார்ப்பது. உனக்கு எது வேண்டும் என்று கேட்டாள்.

 நம் ஏரியில் இன்றைக்கு எங்கே வலை போடுவது என்று யாரும் நம்மைக் கேட்பதில்லை. பாடு என்று முறை இருக்கிறது. எந்த இடம் யாருக்கு என்று சீட்டுப் போட்டு எடுப்பார்கள். முறை வந்தவன் வந்த இடத்தில் போடுவான். நல்ல இடம் வந்தால் சந்தோஷம், வராவிட்டால் யார் மேலும் குறை இல்லை. பெரியவர்கள் அதை யோசித்துத்தான் வைத்திருக்கிறார்கள். நாமே தேர்ந்தெடுத்தால், வலை காலியாக வரும்போது நம்மைத் தவிர வேறு யாரையும் சொல்ல முடியாது. அந்தத் தாளைப் பார்த்தபோது, யாராவது சீட்டுக் குலுக்கி எடுத்துக் கொடுத்தால் தேவலை என்றிருந்தது.

சதுப்புக் காடு வேண்டாம். ஞாயிற்றுக்கிழமைகளில் பழவேற்காட்டுக்கு வருகிறவர்களைப் படகில் ஏற்றிக்கொண்டு போய்ப் பறவை காட்டியவன்தான் நான். மற்ற இரண்டில் அருவி எனக்கு உண்மையாகவே வேண்டியிருந்தது. எல்லா அருவியையும் பார்த்ததாகச் சொல்லியிருந்தேனே தவிர, என் வாழ்க்கையில் ஒரு அருவியைக் கூட நான் பார்த்ததில்லை. நம் ஊர் சுண்ணாம்புக்குளத்துப் பக்கம் எங்கே மலை, எங்கே அருவி? உயரமாக எதையாவது பார்க்க வேண்டுமென்றால் உப்புக் குவியல்தான்.

"அருவிக்கே போ தம்பி," என்றார் தூத்துக்குடிக்காரர். "திருக்கைய ஊருக்குப் போயி பாத்துக்கிடலாம்லா. பொய்யி சொன்னது சொன்னதுதான். நீயாவது ஒரு நாளு சந்தோசமா இரி."

திருக்கை என்று பெயர் கொடுத்தேன். பார்ப்பதற்காகத் தேர்ந்தெடுக்கவில்லை. அங்கே நின்றதாகக் காட்டுவதற்காகத் தேர்ந்தெடுத்தேன்.

படகில் இருபத்தாறு பேர். ஏறும்போதும் எண்ணினேன், படகு கிளம்பிய பிறகும் எண்ணினேன். தொப்பி போட்ட ஒருவர் என்னைப் பார்த்து, நான் இன்னும் குதிக்கவில்லை, பயப்படாதே என்றார். கடல் பச்சையாக இருந்தது. அவ்வளவு தெளிவான தண்ணீரில் எப்படி மீன் பிடிப்பார்கள் என்று எனக்குச் சந்தேகம். வலையை அது பார்த்துவிடாதா?

திட்டுக்கு வந்ததும் படகை நிறுத்தினார்கள். வழிகாட்டி அந்தத் தீவுக்காரர், என் வயதுதான் இருக்கும். யாரையும் இறங்க விடாமல் முன்னால் வந்து நின்று கையைத் தட்டினார். முதலில் ஒரு விஷயம், யாரும் காலைத் தூக்கி வைக்கக் கூடாது என்றார். மணலைத் தேய்த்துக்கொண்டே நடங்கள், நீங்கள் வருவது அதற்குத் தெரிந்தால் அதுவே விலகிப் போகும் என்று சொல்லி, படகின் பலகையில் நடந்தும் காட்டினார்.

இருபத்தாறு பேரும் சிரித்துக்கொண்டே பலகையில் காலைத் தேய்த்துப் பழகினார்கள். நான் அட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எட்டு வயதுக் குழந்தை சொன்னதை, பத்தாயிரம் மைலுக்கு இந்தப் பக்கம் ஒருவர் அப்படியே சொல்கிறார். உலகத்தில் எங்கே போனாலும் அந்தத் தண்ணீரில் அப்படித்தான் நடக்க முடியும். அதை அவள் போனிலேயே பார்த்துவிட்டாள்.

வழிகாட்டியிடம் கேட்டுக்கொண்டு கடைசியாக நானும் இறங்கினேன். ஏழு மாதத்துக்குப் பிறகு காலில் மணல். கால் தானாகவே தேய்த்துக்கொண்டு போனது. வழிகாட்டி அதைப் பார்த்துவிட்டு, உனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை போலிருக்கிறதே என்றார். எங்கள் ஊரிலும் உண்டு என்றேன். அங்கே என்ன செய்வீர்கள் என்று கேட்டார். நான் சொல்லவில்லை. அவர் ஒரு திருக்கையைக் கைக்குழந்தை போல ஏந்தி வைத்துக்கொண்டு, ஒவ்வொருவரையும் முத்தம் கொடுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். அந்த நேரத்தில் குழம்பு என்று எப்படிச் சொல்வது?

ஒன்று என் முழங்காலை உரசிக்கொண்டு போனது. ஈரத் துணி உரசுவது போல மெத்தென்று இருந்தது. உடம்பு தூக்கிப் போட்டது, ஆனாலும் காலைத் தூக்கவில்லை. வயதான ஒரு பயணி அம்மாவிடம் என் போனைக் கொடுத்து ஒரு படம் எடுக்கச் சொன்னேன். மேலே பார், சிரி, சிரி என்று அவர்கள் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். என்னால் தண்ணீரிலிருந்து கண்ணை எடுக்க முடியவில்லை. குனிந்தபடியே விழுந்தது படம். சுற்றிலும் எல்லோரும் படத்துக்காகத்தான் நின்றுகொண்டிருந்தார்கள். அவர்களுக்கும் வீட்டில் யாராவது நம்பாதவர்கள் இருந்திருக்கலாம்.

இருபத்தாறு தலையும் எண்ணிக் கப்பலில் ஏற்றிவிட்டு, அன்றைக்கே அந்தப் படத்தை அனுப்பிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை போன் செய்தபோது அக்காவே எடுத்தாள்.

"நைனா, போட்டோ வந்துச்சு."

"பாத்தியா?"

"பாத்தேன். கீழ குனிஞ்சினு இருக்க. நம்ம ஊரு மாதிரியே கால தேச்சினு நிக்கற, நல்லா தெரியுது. அந்தப் பொண்ணுகிட்ட காட்டினேன். அது வாயே தொறக்கல." குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "நைனா, சாரி. நான்தான் உன்ன நம்பல. அப்டி கேட்டிருக்கக் கூடாது."

என் வேலை முடிந்தது. நான் போட்ட வலையில் நான் எதிர்பார்த்ததை விடப் பெரிதாகவே பட்டுவிட்டது. சரி கண்ணு, பரவாயில்லை என்று சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குப் போயிருக்கலாம். ஏழு மாதப் பொய்யும் அந்த ஒரு படத்தில் உண்மையாகியிருக்கும். ஆனால் சரியாகப் பார்த்த குழந்தை, தப்பாகப் பார்த்துவிட்டேன் என்று என்னிடம் மன்னிப்புக் கேட்கிறது. இனிமேல் அவள் கண்ணை அவளே நம்ப மாட்டாள். தண்ணீரில் வாழப்போகிற பெண்ணுக்கு நான் செய்யக்கூடிய கெடுதல் அதைவிட வேறென்ன?

"கண்ணு, ஒன்னு சொல்றேன்," என்றேன். "நீ கேட்டது சரிதான். இந்த போட்டோ இப்ப எடுத்தது. மொத தபா சொன்னேன் பாரு, அப்ப நான் போவல."

"எங்க போவல?"

"திருக்கைக்கு."

"அப்ப அருவி?"

"போவல."

"கோட்டை? பீரங்கி மேல உக்காந்தேன்னியே."

"போவல. உக்காரல."

"கொரங்கு?"

"கொரங்கு... அது புஸ்தகத்துலயே இல்ல. நானா சேத்து சொன்னது."

 "இந்தா மா" என்ற சத்தம் கேட்டது. உங்கள் அம்மா போனை வாங்கினாள்.

"இன்னாத்துக்கு இப்ப இத சொன்ன? எல்லாந்தான் சரியாப் போச்சே."

"அது என்கிட்ட சாரி கேட்டுச்சு," என்றேன்.  "சரி, சாப்டியா?" என்றாள் அம்மா.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அக்கா போனுக்கு வரவில்லை. நடந்ததை அம்மா சொன்னாள். திங்கட்கிழமை காலையில் அவளே டீச்சரிடம் போய், உலகப் படத்தில் இருக்கிற பொட்டில் பத்து தப்பு, ஒன்றுதான் சரி என்று சொல்லியிருக்கிறாள். டீச்சர் பரவாயில்லை விடு என்று சொல்லியும் கேட்காமல், பெஞ்சு மேல் ஏறி நின்று ஒவ்வொன்றாகப் பிய்த்து எடுத்திருக்கிறாள். வகுப்பே சிரித்ததாம். பிறகு அந்தப் பெண்ணிடம் போய், உங்க மாமா சொன்னது சரிதான் என்று சொல்லிவிட்டு வந்தாளாம். நான் சொன்னது பொய் என்று நான் கப்பலின் அடியில் உட்கார்ந்து ஒரு நிமிஷத்தில் சொல்லி முடித்துவிட்டேன். அவள் அதை நாற்பது பிள்ளைகளுக்கு முன்னால் ஒவ்வொரு பொட்டாகச் சொல்ல வேண்டியிருந்தது.

"ஒரு ரெண்டு மாசம் பேசாம இருந்திருந்தா பிள்ளையே மறந்திருக்கும்," என்றார் தூத்துக்குடிக்காரர். அவர் சொன்னது தப்பு என்று இன்றைக்கும் என்னால் அடித்துச் சொல்ல முடியாது.

அதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் அவள் வரவில்லை. மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை, அம்மாவோடு பேசிக்கொண்டிருக்கும்போதே போன் கை மாறியது. நைனா என்று கூப்பிடவில்லை.

"நீ சொன்னதுல எது நெஜம்?"

"ஒன்னுதான். அந்தத் திருக்கைக்குப் போன நாளு."

"அத சொல்லு. மொதல்லேர்ந்து."

சொன்னேன். காலையில் எழுந்ததிலிருந்து தொடங்கினேன். அவள் விடவில்லை, ஒவ்வொன்றாகக் கேட்டாள். அட்டை என்ன நிறம்? காத்து எங்கேயிருந்து அடித்தது? தரை சேறா, மணலா? நான் இத்தனை மாதம் சொன்ன கதையெல்லாம் தடதடவென்று போகும். இது நகரவே மாட்டேன் என்றது. நடுநடுவே நாக்கு துறுதுறுக்கும். ஒரு பெரிய மீன் துள்ளியது என்று சொன்னால் நன்றாக இருக்குமே என்று தோன்றும். எதுவும் துள்ளவில்லை. பறவை இருந்ததா என்று கேட்டாள். இரண்டு இருந்தது, பேர் தெரியாது என்றேன்.

"படகுல ஏறும்போது எந்தக் கால மொதல்ல வெச்ச?"

நம் பக்கத்தில் படகில் வலது காலை வைத்துத்தான் ஏறுவோம். அவள் எதிர்பார்த்த பதிலும் அதுதான். வலது கால் என்று சொன்னால் அது பொய்யாகக்கூட இருந்திருக்காது. நான் யோசித்துப் பார்த்தேன். கையில் அட்டை இருந்தது, தலைகளை எண்ணிக்கொண்டிருந்தேன். கால் நினைவில் இல்லை.

"ஞாபகம் இல்ல கண்ணு," என்றேன்.



"சரி நைனா," என்றாள். "அப்பறம்?"